பி.பி. இல்லாத எனக்கு எதற்கு பி.பி. மாத்திரை?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பதிலுக்குத் தேவையான விவரங்களை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 59. 8 வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். சில மாதங்களுக்கு முன், மாடிப்படி ஏறும்போது நெஞ்சின் நடுவில் இறுக்கிப் பிடிப்பதுபோல் வந்திருக்கிறது. நின்றால் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். ஆஞ்சியோகிராம் எடுத்ததில் இதய ரத்தக்குழாய் ஒன்றில் 60 சதவீதம், இன்னொன்றில் 40 சதவீதம் அடைப்பு. மாரடைப்பு வந்ததில்லை. எக்கோவில் இதயத்தின் பம்ப் செய்யும் திறன் 60 சதவீதம். ஸ்டென்ட் தேவையில்லை, மாத்திரையிலேயே பார்க்கலாம் என்று சொன்ன டாக்டர், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின் 40 (கொழுப்பு மாத்திரை), மெட்டோப்ரோலால், ராமிப்ரில் ஆகியவற்றை எழுதிக்கொடுத்திருக்கிறார்.

பிரச்சினை கடைசி இரண்டில்தான். "இரண்டுமே பி.பி. மாத்திரை என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். எனக்கு பி.பி.யே கிடையாது, 134/82தான்" என்கிறார். ராமிப்ரில் தொடங்கி 3 வாரத்தில் வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. இரண்டு வகை இருமல் மருந்தும் ஒரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக்கும் சாப்பிட்டும் நிற்கவில்லை. 10 நாட்களுக்கு முன் ராமிப்ரிலைத் தானே நிறுத்திவிட்டார். அதற்கும் முன்பு ஒருநாள் பி.பி. 108/66 காட்டித் தலைசுற்றியதால் மெட்டோப்ரோலாலை 2 நாள் விட்டுப் பார்த்தார். மறுநாள் படியேறாமலேயே நெஞ்சு இறுக்கம் வந்ததால் பயந்துபோய் மறுபடி தொடங்கினார். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினின் 0.8ல் இருந்து 0.95 ஆனதைப் பார்த்து, கிட்னி போகிறது என்று கவலைப்படுகிறார். சிறுநீரில் புரதம் லேசாகக் கசிகிறது என்றும் அதே ரிப்போர்ட்டில் இருக்கிறது. கேள்விகள் இவை: ராமிப்ரில் அவசியமா? அது அடைப்பைக் கரைக்குமா? இதயத்தைக் காக்கும் மாத்திரை இருக்கும்போது கொழுப்பு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா (ஏற்கனவே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எடுக்கிறார்)? கணவர் பல வருடங்களாக எடுக்கும் அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரையையே தானும் எடுத்துக்கொண்டால் என்ன?

அம்மா, உங்கள் கடிதத்தோடு பி.பி. எழுதிவைத்த நோட்டின் 3 பக்கங்களையும் அனுப்பியிருந்தீர்கள். அதற்கு நன்றி. பல பேர் "பி.பி. நார்மல்தான்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். உங்கள் நோட்டில் தேதி, நேரம், அன்று என்ன மாத்திரை என்று எல்லாமே இருப்பதால், பாதி பதில் அதிலேயே கிடைத்துவிட்டது.

முதலில் உங்களை நிம்மதிப்படுத்தும் ஒரு விஷயம். இதயத்தின் பம்ப் திறன் நன்றாக இருக்கிறது, இதயத் தசை எதுவும் சேதமாகவில்லை. அதை அப்படியே வைத்துக்கொள்ளத்தான் இந்த மாத்திரைகள்.

134/82 என்பது 'பி.பி. இல்லை' என்று ஆகுமா?

140/90க்குக் கீழே இருந்தால் பி.பி. இல்லை என்பது பல வருடங்களாக எல்லோர் மனதிலும் பதிந்துபோன கோடு. டாக்டர்களும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் ரத்தக்குழாய்க்கு அப்படி ஒரு கோடு தெரியாது. மேல் அளவு (134/82ல் 134) 115ஐத் தாண்டி ஏற ஏற, மாரடைப்பு, பக்கவாதம் இரண்டின் ஆபத்தும் படிப்படியாகக் கூடிக்கொண்டேதான் போகிறது. 2021ல் லான்செட் இதழில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 48 ஆய்வுகளில் பங்கேற்ற சுமார் 3,45,000 பேரின் விவரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். மேல் அளவை 5 புள்ளி குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறக்குறைய 10 சதவீதம் குறைகின்றன. தொடக்கத்தில் பி.பி. அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டுமல்ல, நாம் நார்மல் என்று சொல்லும் அளவில் இருந்தவர்களுக்கும் இந்தப் பலன் ஏறத்தாழ அதே அளவில் கிடைத்தது.

உங்களைப்போல் இதய ரத்தக்குழாயில் ஏற்கனவே படிவு உள்ளவர்கள், அதோடு சர்க்கரையும் உள்ளவர்கள், 130/80க்குக் கீழே இருப்பது நல்லது என்றுதான் இப்போதைய வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. அந்தக் கணக்கில் 134/82 உங்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஆகவே "பி.பி.யே இல்லாதவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டார்கள்" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். உங்கள் டாக்டர் இதை அன்றே 5 நிமிடம் ஒதுக்கி விளக்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அது உங்கள் தவறு இல்லை.

இன்னொன்று, மாத்திரையின் பட்டப்பெயர் அது செய்யும் ஒரு வேலையைத்தான் சொல்கிறது. நீங்கள் எடுத்த இரண்டும் பி.பி.யைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் மெட்டோப்ரோலாலை உங்களுக்குக் கொடுத்ததன் முதல் காரணம் அந்த நெஞ்சு இறுக்கம். ராமிப்ரிலுக்கு உங்கள் விஷயத்தில் மூன்று காரணங்கள்: ரத்தக்குழாய் படிவு, சர்க்கரை, சிறுநீரில் புரதக் கசிவு.

ராமிப்ரில் ரத்தக்குழாயில் என்ன செய்கிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இருமலுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுவதும் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு மெல்லிய படலம் விரிந்திருக்கிறது. அழுத்தம், சர்க்கரை, புகை, கெட்ட கொழுப்பு எல்லாம் சேர்ந்து பல வருடங்களில் அந்தப் படலத்தைக் கெடுக்கின்றன. கெட்ட கொழுப்பு அதைத் தாண்டி உள்ளே புகுந்து தங்குகிறது. அதை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைபோல ஊதி அங்கேயே மடிகின்றன. அதன்மேல் நார்த்திசு ஒரு மூடியாகப் படர்கிறது. ஆஞ்சியோகிராமில் 40, 60 என்று எழுதியிருப்பது இந்தப் படிவு குழாயை எவ்வளவு குறுக்கியிருக்கிறது என்பதைத்தான். மாரடைப்பு பெரும்பாலும் இந்த மூடி கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, குழாய் சட்டென்று மூடிக்கொள்வதால் வருகிறது. அதனால் 40 சதவீதம்தானே என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது, 60 சதவீதம் ஆகிவிட்டதே என்று நடுங்கவும் தேவையில்லை. மூடி கிழியாமல் காப்பதுதான் முக்கியம்.

உடலில் ஆஞ்சியோடென்சின் 2 என்று ஒரு ரசாயனம் உண்டு. ரத்தக்குழாயைச் சுருக்குவதும் உப்பைப் பிடித்துவைப்பதும் அதன் வேலை. அளவு மீறும்போது ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சியைத் தூண்டுகிறது, இதயத் தசையைத் தடிக்கவைக்கிறது. அதை உருவாக்கும் நொதியைத்தான் ராமிப்ரில் தடுக்கிறது. இந்த வகை மருந்துகளின் கதை பிரேசில் நாட்டு விரியன் பாம்பு ஒன்றின் விஷத்திலிருந்து தொடங்குகிறது. அந்த விஷத்தில் இருந்த சிறு புரதத் துண்டுகள் இதே நொதியைத் தடுத்ததைப் பார்த்துத்தான் கேப்டோப்ரில் என்ற முதல் மாத்திரையை உருவாக்கினார்கள். 1981ல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

அதே நொதிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பிராடிகைனின் என்ற பொருளை அது உடைக்கிறது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் சேரும். ரத்தக்குழாய்க்கு அது நல்லது, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கவைக்கும். ஆனால் அதே பிராடிகைனின் மூச்சுக்குழாயில் சேர்ந்தால் தொண்டையில் அரிப்பு, வறட்டு இருமல். இந்த மருந்து எடுப்பவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு இது வருகிறது, பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக. சளியோ கிருமியோ இல்லாத இருமல் என்பதால்தான் நீங்கள் சாப்பிட்ட இருமல் மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றும் செய்யவில்லை.

சரி, இதனால் நிஜமாகவே உயிர் காக்கப்படுகிறதா? 2000ல் வெளியான ஹோப் ஆய்வில், ரத்தக்குழாய் நோயோ அல்லது சர்க்கரையுடன் வேறோர் ஆபத்துக் காரணியோ இருந்த 9,297 பேருக்கு ராமிப்ரிலோ மருந்தே இல்லாத வெற்று மாத்திரையோ கொடுத்துச் சுமார் 5 வருடம் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 17.8 சதவீதம் பேருக்கு வந்தது. ராமிப்ரில் எடுத்தவர்களில் 14 சதவீதம். அதாவது 100 பேர் சுமார் 5 வருடம் சாப்பிட்டால் ஏறக்குறைய 4 பேர் தப்பிக்கிறார்கள். அதில் பங்கேற்ற சர்க்கரை நோயாளிகள் 3,577 பேரை மட்டும் தனியாகப் பார்த்தபோதும் இந்தப் பாதிப்புகள் கால்வாசி குறைந்திருந்தன. பி.பி. சராசரியாக 3 புள்ளிதான் இறங்கியது என்பதால், "இது பி.பி.யைத் தாண்டி இதயத்தைக் காக்கிறது" என்று அப்போது பெரிய உற்சாகம்.

ஆனால் முழுக் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். 2004ல் வந்த பீஸ் ஆய்வில், உங்களைப்போல இதயத் திறன் நன்றாக இருந்த 8,290 இதய நோயாளிகளுக்கு இதே வகையைச் சேர்ந்த ட்ராண்டோலாப்ரில் கொடுத்தார்கள். அவர்களில் பலர் ஏற்கனவே கொழுப்பு மாத்திரை எல்லாம் ஒழுங்காக எடுத்து, பி.பி.யும் கட்டுக்குள் இருந்தவர்கள். கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. அதற்கு முன்பே, 2002ல் வெளியான ஆல்ஹாட் ஆய்வில் 33,000க்கும் மேற்பட்ட பி.பி. நோயாளிகளிடம் ராமிப்ரில் வகை உட்பட மூன்று வகை மாத்திரைகளை ஒப்பிட்டார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றுக்கும் வித்தியாசம் இல்லை.

இதையெல்லாம் வைத்து என் முடிவு இது. பி.பி. மாத்திரைகள் இதயத்தைக் காப்பதில் பெரும்பங்கு அழுத்தம் குறைவதால் வருவதுதான். அதற்கு மேல் சில மருந்துகளுக்கு, சிலருக்கு மட்டும், கூடுதல் பலன் உண்டு. சர்க்கரையும் சிறுநீரில் புரதக் கசிவும் சேர்ந்து இருப்பதால் நீங்கள் அந்தச் சிலரில் ஒருவர். உங்கள் இடத்தில் சர்க்கரை இல்லாத, புரதம் கசியாத, பி.பி. 118ல் இருக்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், "டாக்டரிடம் பேசிப் பாருங்கள், கட்டாயமில்லை" என்றுகூடச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

இருமலுக்கு வழி இருக்கிறது

ராமிப்ரில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பாதுகாப்பையே இழக்க வேண்டியதில்லை. டெல்மிசார்டன் போன்ற 'சார்டன்' வகை மாத்திரைகள் நொதியைத் தொடுவதில்லை. ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகின்றன. பிராடிகைனின் சேராததால் இருமல் மிகவும் அரிது. 2008ல் வந்த ஆன்டார்கெட் ஆய்வில் 25,620 பேரிடம் ராமிப்ரிலையும் டெல்மிசார்டனையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். இதயத்தைக் காப்பதில் இரண்டும் சமம். இருமலால் மருந்தை விட்டவர்கள் ராமிப்ரிலில் 4.2 சதவீதம், டெல்மிசார்டனில் 1.1 சதவீதம்.

அதே ஆய்வில் மூன்றாவது குழுவுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பலன் கூடவில்லை, தலைசுற்றல், சிறுநீரகக் கோளாறு மட்டும் கூடியது. அதனால் டெல்மிசார்டன் தொடங்கினால், வீட்டில் மீதமிருக்கும் ராமிப்ரில் பட்டையைத் தனியே எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். தவறிப்போய் இரண்டும் சேர்ந்துவிடக் கூடாது.

நிறுத்திய பிறகும் இந்த இருமல் உடனே நிற்காது. பெரும்பாலும் 1 முதல் 4 வாரம், சிலருக்கு 3 மாதம்கூட ஆகும். 10 நாளாகியும் இருமல் இருக்கிறதே, அப்படியானால் காரணம் மாத்திரை இல்லையோ என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் பொறுத்துப் பாருங்கள். சளியில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவது, படுத்தால் மூச்சுத் திணறல் இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் அது இருமலைப்போல் இல்லை, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அப்படி வந்தவர்கள் பிறகு எப்போதும் ராமிப்ரில் வகையைத் தொடக் கூடாது.

மெட்டோப்ரோலாலைத் திடீரென்று விட்ட 2 நாட்கள்

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது இந்தப் பகுதிதான். மெட்டோப்ரோலால் இதயத்துடிப்பைக் குறைக்கிறது, இதயத்தின் வேலைப் பளுவைக் குறைக்கிறது. அதனால்தான் குறுகிய குழாய் வழியே வரும் ரத்தம் போதுமானதாக ஆகிறது. ஆனால் மாதக்கணக்கில் இந்த மருந்து எடுக்கும்போது, அட்ரினலினை வாங்கும் இடங்களை இதயம் தன் பங்குக்குக் கூட்டிக்கொள்கிறது. மருந்தை ஒரேயடியாக விட்டால், அத்தனை இடங்களும் ஒரே சமயத்தில் அட்ரினலினுக்குத் திறந்துவிடுகின்றன. துடிப்பு எகிறும், பி.பி. ஏறும், அடைப்பு உள்ள இதயம் தவிக்கும். உட்கார்ந்திருக்கும்போதே உங்களுக்கு வந்த இறுக்கத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். இப்படி நிறுத்தி மாரடைப்பே வந்தவர்கள் உண்டு. மருந்தின் தகவல் குறிப்பிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது.

வேண்டாம் என்று முடிவானால்கூட 1 முதல் 2 வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் டாக்டர் சொல்லும் அளவில். வெளியூர் போனால் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 108/66 பற்றியும் சொல்கிறேன். உங்கள் நோட்டில் குறைவாக வந்திருக்கும் அளவுகள் எல்லாமே காலை 9 மணி வாக்கில் எடுத்தவை. இரண்டு மாத்திரையையும் நீங்கள் சேர்த்து விழுங்குவது காலை 7 மணிக்கு. மாலை அளவுகள் 128, 132 என்றுதான் இருக்கின்றன. அதாவது இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வந்து, எழுந்து நிற்கும்போது தலைசுற்ற வைக்கின்றன. மாத்திரையையே விடுவதற்குப் பதில் ஒன்றைக் காலையும் மற்றதை இரவும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். 2022ல் வந்த டைம் ஆய்வில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் காலையில் எடுப்பதையும் இரவில் எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தில் வித்தியாசம் இல்லை. உங்களுக்கு எது வசதியோ அதை வைத்துக்கொள்ளலாம் என்ற சுதந்திரத்தை அது தருகிறது.

நோட்டைப் பற்றி இன்னொரு விஷயம். முதல் பக்கத்தில் எல்லா எண்களும் 130/80, 140/90, 120/80 என்று பூஜ்யத்தில் முடிகின்றன. பிறகு டிஜிட்டல் கருவி வாங்கியதும் 127, 134 என்று மாறுகிறது. முதல் பக்கத்தில் யாரோ தோராயமாகச் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அதை ஒதுக்கிவிடலாம். இனிமேல் 5 நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் மேஜைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். தலைசுற்றும் நாளில் எழுந்து நின்றும் ஒருமுறை எடுங்கள். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளி இறங்கினால் அதைத் தனியாகக் குறித்துவைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். இதயத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் போகிறது. கீழ் அளவு அந்த நேரத்து அழுத்தம். குறுகிய குழாய் உள்ளவருக்கு அது 60க்குக் கீழே போனால் நாங்கள் கொஞ்சம் யோசிப்போம். உங்கள் 66 அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது, எண்ணாக அதில் பயப்பட ஒன்றுமில்லை. தலைசுற்றலைத்தான் சரிசெய்ய வேண்டும்.

கணவரின் அம்லோடிபின்

நீங்கள் நினைத்தது அறவே தவறு என்று சொல்ல மாட்டேன். அம்லோடிபின் நல்ல மருந்து, நெஞ்சு இறுக்கத்துக்கும் உதவும். 2004ல் வந்த கேமலாட் ஆய்வில் இதய நோய் இருந்து பி.பி. நார்மலாக இருந்தவர்களுக்கு அதைக் கொடுத்தபோது, இதயப் பாதிப்புகள் 23.1 சதவீதத்திலிருந்து 16.6 சதவீதமாகக் குறைந்தன. பெரும்பாலும் நெஞ்சுவலிக்காக மருத்துவமனையில் சேர்வதும் ஸ்டென்ட், பைபாஸ் தேவைப்படுவதும்தான் குறைந்தது. மாரடைப்பு வராத, பம்ப் திறன் நார்மலான உங்களுக்கு மெட்டோப்ரோலால் ஒத்துவரவில்லை என்றால், அதன் இடத்தில் அம்லோடிபின் வைப்பது முறையான மாற்றுதான். டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால் நீங்கள் யோசிப்பது ராமிப்ரிலின் இடத்தில். அங்கே அது பொருந்தாது, சிறுநீரில் புரதக் கசிவைத் தடுப்பதில் சார்டன் அளவுக்கு அது உதவாது. தவிர, இப்போது மெட்டோப்ரோலாலும் எடுக்கிறீர்கள். அதன்மேல் கணவரின் 10 மில்லிகிராமைச் சேர்த்தால் அந்த 108 இன்னும் எங்கே போகும்? கால் வீக்கமும் வரலாம். அவருடைய மாத்திரை அவருக்கே இருக்கட்டும்.

அடைப்பு கரையுமா, கொழுப்பு மாத்திரையைக் குறைக்கலாமா?

முயல், குரங்கு போன்ற விலங்குகளில் ராமிப்ரில் வகை மருந்துகள் படிவு வளர்வதைக் குறைத்தன என்பது உண்மை. மனிதருக்கு அடைப்பைக் கரைக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. குழாய்ச் சுவரின்மேல் உள்ள அழுத்தத்தையும் அழற்சியையும் குறைக்கலாம். உள்ளே புகுந்த கொழுப்பை வெளியே எடுக்காது. அந்த வேலை அடோர்வாஸ்டாடினுடையது. கெட்ட கொழுப்பை நன்றாக இறக்கி வைத்தால் படிவு கொஞ்சம் சுருங்குகிறது, அதைவிட முக்கியமாக அதன் மூடி கெட்டிப்படுகிறது. 1994ல் வந்த 4எஸ் ஆய்வில் இதய நோயாளிகள் 4,444 பேரில் அதே வகையைச் சேர்ந்த சிம்வாஸ்டாடின் எடுத்தவர்களிடம் மரணமே 30 சதவீதம் குறைந்தது. ஒரு மருந்து மற்றதன் வேலையைச் செய்யாது.

நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு 98. உங்களுக்கு 70க்குக் கீழே கட்டாயம் இருக்க வேண்டும், 55க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுப்பதை இன்றோடு நிறுத்தி, எழுதிக்கொடுத்தபடி தினமும் எடுங்கள். தசைவலி போன்ற தொந்தரவால்தான் குறைத்தீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள், அதற்கும் வேறு வழிகள் இருக்கின்றன.

கிட்னி பயம்

0.8ல் இருந்து 0.95 என்பது 19 சதவீத உயர்வு. ராமிப்ரிலோ டெல்மிசார்டனோ தொடங்கினால், சிறுநீரக வடிகட்டிகளுக்குள் இருக்கும் அழுத்தம் குறைவதால் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்த்த ஒன்று. 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால் மருந்தைத் தொடரலாம். அந்த அழுத்தம் குறைவதால்தான் புரதக் கசிவும் குறைகிறது, வருங்காலத்தில் கிட்னி காக்கப்படுகிறது. 30ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயிலும் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதயத்தில் படிவு உள்ளவர்களுக்கு அங்கேயும் வருவதுண்டு. இந்த மருந்துகள் ஏற்றக்கூடிய பொட்டாசியமும் உங்களுக்கு 4.7தான், பிரச்சினை இல்லை. டெல்மிசார்டன் தொடங்கினால் 1 முதல் 2 வாரத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பு எதுவும் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் அந்த ஓரிரு நாளைக்கு சார்டனை நிறுத்திவைக்கலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கிட்னியைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது, ஆனால் காரணம் ராமிப்ரில் இல்லை. கடிதத்தின் கடைசி வரியில், மூட்டுவலிக்கு 'அவ்வப்போது' டைக்ளோஃபினாக் எடுப்பதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நோட்டைப் பார்த்தால் வாரத்தில் 3, 4 நாள் வருகிறது. அந்த மருந்து பி.பி.யை ஏற்றும், கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், இதய நோயாளிகளுக்கு மாரடைப்பு ஆபத்தையும் கூட்டும். பி.பி. மாத்திரைகளால் நாம் சம்பாதிப்பதை அது கரைத்துக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்துங்கள். இந்த ஒன்றை மட்டும் டாக்டரைக் கேட்காமலே நிறுத்தலாம். வலிக்கு பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, மூட்டுக்கான பயிற்சிகள் என்று போகலாம்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காதீர்கள். ராமிப்ரிலை நிறுத்தி 10 நாள் ஆகிவிட்டது, அதன் இடம் காலியாக இருக்கிறது. டாக்டரிடம் போய், மறைக்காமல், நான் இவற்றை இப்படி நிறுத்தினேன், இப்படிக் குறைத்தேன் என்று சொல்லுங்கள். திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். நீங்கள் எல்லாம் ஒழுங்காக எடுக்கிறீர்கள் என்று நம்பி அவர் டோஸைக் கூட்டினால் அதுதான் ஆபத்து. கேட்க வேண்டியவை: ராமிப்ரிலுக்குப் பதில் சார்டன் தரலாமா, எந்த அளவில்? மெட்டோப்ரோலாலைத் தொடர்வதா, நேரத்தை மாற்றுவதா, மெதுவாகக் குறைத்து அம்லோடிபினுக்கு மாறுவதா? என் பி.பி. எந்த எண்ணில் நிற்க வேண்டும், எதற்குக் கீழே போனால் போன் செய்ய வேண்டும்?

அதுவரை மெட்டோப்ரோலால், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின் மூன்றும் ஒருநாளும் விடாமல் தொடரட்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால், நெஞ்சு இறுக்கம் வரும்போது முதலில் உட்கார்ந்து, பிறகு வையுங்கள். நின்றுகொண்டே வைத்தால் பி.பி. சட்டென்று இறங்கி மயங்கி விழ நேரலாம். 5 நிமிடத்தில் வலி அடங்கவில்லை என்றாலும், சும்மா இருக்கும்போது இறுக்கம் வந்து வியர்வை, மூச்சுத் திணறல் சேர்ந்தாலும், பி.பி. எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.